பாட்டோசெராவா, அப்ரியோனாவா? விளக்கடியில் கிடைத்த மூன்று நீள்கொம்பு வண்டுகள்

எழுதியவர்: ஐந்தாவது மாடி (கெலுகோர், பினாங்கு)

வணக்கம். வண்டு பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே யாராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் மலைச்சரிவு. கீழே கார் நிறுத்தும் இடத்தில் இரண்டு பெரிய தூங்குமூஞ்சி மரம், குப்பைத்தொட்டி பக்கம் ஒரு கிழட்டு மாமரம். மழை விட்ட இரவுகளில் நடைபாதை விளக்குக்கு என்னென்னவோ வந்து மோதும், காலையில் பெருக்குகிற அம்மா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். போன வாரம் அவருக்கு முந்திக்கொண்டேன். மூன்று நாளில் மூன்று நீள்கொம்பு வண்டு, மூன்றும் உயிரோடு.

முதலாவது பெரியது. கொம்பை விட்டுவிட்டு உடம்பு மட்டும் 5 செ.மீ. வருகிறது. சாம்பல் பழுப்பு, இறக்கையில் ஆரஞ்சுப் புள்ளிகள், தலைக்குப் பின்னாலும் இரண்டு ஆரஞ்சுத் திட்டு. இரண்டாவது அதைவிடக் கொஞ்சம் சின்னது, புள்ளியே கிடையாது, காய ஆரம்பித்த வாழையிலை மாதிரி மஞ்சளும் பச்சையும் கலந்த மங்கல் நிறம். மூன்றாவது ஒல்லி, செம்பழுப்பு, இறக்கையில் பளபளவென்று பச்சைக் கோடு.

ஆப்பில் படம் போட்டுப் பார்த்தேன். முதலாவதற்குப் பாட்டோசெரா என்றது. சரி. இரண்டாவதற்கும் பாட்டோசெரா என்றது. அதே வண்டைக் கொஞ்சம் சாய்த்துப் படம் எடுத்துப் போட்டால் மோனோகேமஸ் என்கிறது. மூன்றாவதைக் கரப்பான் பூச்சி என்று சொன்னதும் ஆப்பை மூடிவிட்டேன்.

இனம் எது என்று நான் கேட்கவில்லை. பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த கூட்டத்தை, எதை வைத்துப் பிரிப்பது என்றுதான் தெரிய வேண்டும். நிறமா, புள்ளியா, கொம்பின் நீளமா? கையில் பிடித்தால் முதல் இரண்டும் கிரீச் கிரீச் என்று கத்துகின்றன, அது கணக்கில் வருமா?

இன்னொன்று, திட்டாதீர்கள். மூன்றையும் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். விடிந்து பார்த்தால் இரண்டாவதன் ஒரு கொம்பில் பாதியைக் காணோம்.


பதில்: டுரியான் தோட்டம் (பாலிக் புலாவ்)

தம்பி, புள்ளி போட்ட பெரியதும் மங்கல் நிறமும் இரண்டுமே துளைப்பான்தான். பேர் தெரிந்து என்ன செய்யப் போகிறீர்கள்? என் அப்பா காலத்திலிருந்து பார்க்கிறோம். பட்டையில் பல்லால் கீறிவிட்டு அதற்குள் முட்டை வைக்கும். புழு பட்டைக்கு அடியிலேயே தின்றுகொண்டு போய் அப்புறம் கட்டைக்குள் இறங்கிவிடும். நமக்குத் தெரிவதெல்லாம் அடியில் கொட்டிக் கிடக்கிற நார் நாரான மரத்தூள்தான், அது தெரியும்போது உள்ளே விரல் தடிமனுக்குப் புழு இருக்கும். சைக்கிள் கம்பியை வளைத்து உள்ளே விட்டு இழுப்போம். வண்டைப் பார்த்தால் மிதித்துவிடுங்கள், அவ்வளவுதான்.


பதில்: ஊசிப்பெட்டி

மேலே தோட்டக்கார அண்ணன் சொன்ன புழுக் கதை அத்தனையும் சரி. ஆனால் மூன்றையும் மிதித்துவிட்டால் கேள்விக்குப் பதில் கிடைக்காதே. அதனால் மிதிப்பதற்கு முன்னால் கொஞ்சம் பாருங்கள்.

ஆப் ஏன் தடுமாறியது என்றால், நீங்கள் மேலிருந்து எடுத்த முதுகுப் படத்தைப் போட்டிருப்பீர்கள். முதுகில் இருப்பது நிறமும் புள்ளியும். இந்த வண்டுகளில் அந்த நிறத்தில் பெரும்பங்கு தோலில் இல்லை, மேலே படிந்த குட்டி ரோமத்தில் இருக்கிறது. வயதான வண்டில் ரோமம் தேய்ந்து போகும், கையில் புரட்டினாலும் போகும், நனைந்தால் வேறு நிறம். பாட்டோசெராவின் ஆரஞ்சுப் புள்ளி, குத்தி வைத்துச் சில வருஷம் ஆனால் வெளுத்து வெள்ளையாகிவிடும். என் பெட்டியில் அப்படி ஒன்று இருக்கிறது, புதிதாகப் பார்ப்பவர் அதை வேறு வண்டு என்றுதான் சொல்வார். கொம்பின் நீளமும் அப்படித்தான். ஆணுக்கு உடம்பைத் தாண்டி எங்கேயோ போகும், பெண்ணுக்கு உடம்பைக் கொஞ்சம் தாண்டினால் அதிகம். ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு பேரினமாக எழுதி வைத்தவன் நான், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நீள்கொம்பு வண்டுக் குடும்பத்துக்குச் செராம்பிசிடே என்று பேர். உலகம் முழுக்க 35,000 இனத்துக்கு மேல். இதில் நேராகப் பேரினத்துக்குப் பாய்ந்தால் மூழ்கிப் போவீர்கள், துணைக்குடும்பத்தை முதலில் பிடியுங்கள். நம் ஊரில் விளக்குக்கு வருவதைப் பார்க்க மூன்று தெரிந்தால் பெரும்பாலும் போதும்.

வண்டைப் பக்கவாட்டில் பிடித்து முகத்தைப் பாருங்கள். மாடு மேய்கிற மாதிரி முகம் செங்குத்தாகக் கீழே பார்த்து, நெற்றி சுவர் மாதிரி நிமிர்ந்திருந்தால் அது லாமியினே. குடும்பத்தில் பாதிக்கு மேல் இந்தக் கும்பல்தான். முகம் சரிந்து முன்னால் நீட்டியிருந்தால் செராம்பிசினே பக்கம் போங்கள். அடுத்தது வாயைச் சுற்றித் தொங்குகிற குட்டி விரல்கள். அந்த விரலின் கடைசிக் கணு லாமியினேவுக்கு ஊசியாக முடியும், செராம்பிசினேவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டது மாதிரி மொட்டையாக இருக்கும். முகச் சாய்வில் சந்தேகம் வந்தால் நான் விரலைத்தான் நம்புவேன். மூன்றாவது பிரியோனினே, தடித்த பழுப்பு வண்டுகள், தாடை பெரியது. தலைக்கும் இறக்கைக்கும் நடுவில் இருக்கிற துண்டைப் பலரும் கழுத்து என்பார்கள், அது முன்மார்பு. பிரியோனினேவுக்கு அந்த முன்மார்பின் இரண்டு பக்கமும் டின் மூடியின் விளிம்பு மாதிரி ஒரு கூர் ஓரம் ஓடும், பலவற்றில் அந்த ஓரத்தில் பல்லும் இருக்கும். மற்ற இரண்டுக்கும் அந்த ஓரம் கிடையாது, உருண்டு கீழே இறங்கிவிடும், முள் இருந்தால் தனியாக ஒரு முள்.

கத்துவது கணக்கில் வரும், ஆனால் பாதிதான். முன்மார்பை மேலும் கீழும் ஆட்டும்போது அதன் பின்விளிம்பு, அடியில் இருக்கிற வரி வரியான ஒரு தகட்டில் உரசுகிறது, அதுதான் அந்தக் கிரீச். லாமியினேவும் செராம்பிசினேவும் பெரும்பாலும் இப்படிக் கத்தும். பிரியோனினேவில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் தகடே இல்லை, சிலது பின்னங்காலை இறக்கையில் தேய்த்துச் சத்தம் எழுப்பும். ஆகவே கத்துவதை வைத்துப் பிரியோனினேவை ஒதுக்கலாம், மற்ற இரண்டைப் பிரிக்க முடியாது.

இவ்வளவும் பார்த்து, லாமியினே என்று உறுதியான பிறகுதான் பாட்டோசெராவா அப்ரியோனாவா என்ற சண்டை. இரண்டும் நெருங்கிய சொந்தம். இரண்டுக்கும் முன்மார்பில் பக்கத்துக்கு ஒரு முள் உண்டு. இறக்கை தொடங்குகிற இடத்தில் மிளகுத்தூள் கொட்டியது மாதிரி கறுத்த பொடி மணிகள், அதுவும் இரண்டுக்கும் உண்டு. அதனால் ஆப் குழம்பியது அதன் தப்பு மட்டும் இல்லை. நான் பார்க்கிற இடம் இரண்டு. ஒன்று, இரண்டு இறக்கையும் முன்மார்பும் சந்திக்கிற முனையில் இருக்கும் சின்னத் தகடு, ஸ்கூட்டெல்லம். பாட்டோசெராவுக்கு அது பளிச்சென்று வெள்ளை, சட்டையில் ஒரு வெள்ளைப் பொத்தான் வைத்துத் தைத்தது மாதிரி தனியாகத் தெரியும். அப்ரியோனாவுக்கு அது உடம்பு நிறத்தோடு கலந்துவிடும். இன்னொன்று கொம்பு. அப்ரியோனாவின் கொம்பில் மூன்றாவது கணுவிலிருந்து ஒவ்வொரு கணுவும் அடியில் வெளுத்து நுனியில் கறுத்து இருக்கும், அதனால் தூரத்திலிருந்தே பட்டை பட்டையாகத் தெரியும். பாட்டோசெராவுக்கு அப்படி இல்லை. ஆண் பாட்டோசெராவாக இருந்தால் கொம்பின் அடிப்பக்கம் அரம் மாதிரி சொரசொரக்கும், விரலை ஓட்டிப் பாருங்கள். பிறகு வண்டைத் திருப்பி விலாவைப் பாருங்கள். பாட்டோசெராவில் பெரும்பாலானவற்றுக்குக் கண்ணுக்குப் பின்னாலிருந்து வயிற்று நுனி வரை அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை ஓடும்.

முகத்தைப் பக்கவாட்டில் ஒரு படம், ஸ்கூட்டெல்லத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். அப்புறம் தயவுசெய்து மூன்றையும் மூன்று டப்பாவில் வையுங்கள். நெருக்கி வைத்தால் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும், கொம்பும் காலும்தான் முதலில் போகும்.


பதில்: ஐந்தாவது மாடி

மிக்க நன்றி சார். பிரித்து வைத்துவிட்டேன், இப்போது சமையலறை அலமாரியில் மூன்று டப்பா, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை.

லிட்டில் இந்தியாவில் நகை வேலை செய்கிற நண்பர் ஒருவர் கல் பார்க்கிற லென்ஸைக் கொடுத்தார், 10 மடங்கு பெரிதாக்கும். வண்டுக்கு என்று சொன்னதும் திரும்ப வரும்போது துடைத்துக் கொடு என்றார். அதில் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது: முகம் சுவர்தான், சந்தேகமே இல்லை. வாய் விரல் நுனி ஊசி. அந்த வெள்ளைத் தகட்டை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை, ஒரு முறை பார்த்த பிறகு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. கொம்பின் அடியில் சொரசொரப்பு இருக்கிறது. விலாவில் வெள்ளைப் பட்டையும் இருக்கிறது.

இரண்டாவது: முகம், விரல் எல்லாம் முதலாவது மாதிரியே. தகடு உடம்போடு உடம்பாகத்தான் கிடக்கிறது. கொம்பு (மிச்சம் இருக்கிற முழுக் கொம்பு) வெள்ளை கறுப்பு வெள்ளை கறுப்பு, ரயில்வே கேட் மாதிரி. தோள் பக்கம் கறுத்த மணிகள் நகத்தில் தட்டுகின்றன. முன்மார்பில் குறுக்கே சுருக்கம் சுருக்கமாக மடிப்பு.

மூன்றாவதில்தான் ஆச்சரியம். முகம் முன்னால் நீட்டியிருக்கிறது, வாய் விரல் நீங்கள் சொன்ன மாதிரியே மொட்டை. முன்மார்பில் முள் கிடையாது, உருண்டையாக இருக்கிறது, கூர் ஓரமும் இல்லை. அதன் ஓரத்தில் பச்சை. இறக்கை மஞ்சள் பழுப்பு, வெளி ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு, நடுவில் நீளமாக ஒன்று.

அப்படியானால் பாட்டோசெரா, அப்ரியோனா, மூன்றாவது செராம்பிசினேவில் ஏதோ ஒன்று. சரியா?


பதில்: ஊசிப்பெட்டி

சார் இல்லை தம்பி, அக்கா.

மூன்றும் சரி. மூன்றாவது ஸைஸ்ட்ரோசெரா, உங்கள் தூங்குமூஞ்சி மரத்திலிருந்து வந்திருக்கும். வாகை, தூங்குமூஞ்சி, மலாய்க்காரர்கள் பாத்தாய் என்கிற மரம், இந்தக் கூட்டம்தான் அதன் சாப்பாடு. நம் பக்கம் அதிகம் கிடைப்பது ஸைஸ்ட்ரோசெரா குளோபோசா. குளோபோசா என்றால் உருண்டை, நீங்கள் பார்த்த அந்த உருண்டை முன்மார்புக்குப் பொருத்தமான பேர். இரண்டாவதற்கு மல்பெரி, அத்தி, பலா மாதிரி பால் வடிகிற மரங்கள் பிடிக்கும், மலைச்சரிவில் காட்டு அத்தி இல்லாமல் இருக்காது. முதலாவதற்குக் குப்பைத்தொட்டி பக்கத்து மாமரத்தைச் சந்தேகப்படுவேன்.

முதலாவதை இனம் வரை கொண்டு போக ஆசை வரும், அவசரப்படாதீர்கள். லின்னேயஸ் 1758-இல் பேர் வைத்த ரூபஸ் ஒன்று, தெ கீர் 1775-இல் பேர் வைத்த ரூஃபோமாகுலாட்டா ஒன்று, இரண்டையும் படத்தை வைத்து மாற்றி மாற்றிச் சொல்லாதவர் இல்லை. பேரினம் வரை எழுதி, பிடித்த இடமும் தேதியும் மரமும் குறித்து வையுங்கள். சீட்டு இல்லாத வண்டு வெறும் அலங்காரப் பொருள்.


பதில்: பலகைக் கிடங்கு (பட்டர்வொர்த்)

இடையில் புகுந்து கேட்கிறேன். எனக்கு வண்டு தெரியாது, சரக்குக் கிடங்கில் வேலை. ஆனால் எங்கள் இடத்துக்கு வருகிற மரப்பலகை பாலெட் ஒவ்வொன்றிலும் கோதுமைக் கதிர் படமும் எச்.டி. என்ற எழுத்தும் சூடு போட்டிருக்கும், அது இல்லாமல் வந்தால் பெரிய தலைவலி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேலாளர் சொன்னார், மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி, 30 நிமிடம் சூடாக்கியதற்கு அடையாளமாம், எல்லாம் ஏதோ நீள்கொம்பு வண்டால் வந்த வினையாம். அந்த வண்டும் இவற்றின் சொந்தமா? ஒரு தடவை பாலெட் அடியில் கறுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட வண்டு ஒன்றைப் பார்த்த ஞாபகம்.

அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம். இணையத்தில் தேடினால் சில வண்டின் பேருக்குப் பின்னால் லின்னேயஸ் 1758 என்பது பிறைக்குறிக்குள் இருக்கிறது, வேறு சிலவற்றில் ஆள் பேரும் வருஷமும் பிறைக்குறி இல்லாமல் இருக்கின்றன. அச்சுப் பிழையா?


பதில்: ஊசிப்பெட்டி

நல்ல கேள்வி, இரண்டுமே.

பிறைக்குறி பிழை இல்லை, அதற்குள் ஒரு கதையே இருக்கிறது. நான் மேலே சொன்ன ரூபஸ் வண்டுக்கு லின்னேயஸ் பேர் வைத்தபோது செராம்பிக்ஸ் ரூபஸ் என்றுதான் வைத்தார். அவர் காலத்தில் நீள்கொம்பு என்றால் பெரும்பாலானவற்றை செராம்பிக்ஸ் என்ற ஒரே பேரினத்துக்குள் அடைத்துவிடுவார்கள். பாட்டோசெரா என்ற பேரினம் தெழான் கையால் 1835-இல்தான் வந்தது, ரூபஸ் அங்கே குடி மாறியது. இப்படி இனத்தை முதலில் வைத்த பேரினத்திலிருந்து வேறு பேரினத்துக்கு மாற்றினால், பேர் வைத்தவரைப் பிறைக்குறிக்குள் போடுவது வழக்கம். பிறைக்குறியைப் பார்த்தாலே இந்த வண்டு வீடு மாறி வந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

வீடு மட்டும் இல்லை, மாடியும் மாறும். 1854 முதல் 1862 வரை வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் நம் பக்கத்துத் தீவுகளில் அலைந்து பிடித்த நீள்கொம்புகளை 1864-இலிருந்து 1869 வரை பாஸ்கோ என்பவர் ஆராய்ந்து எழுதினார். அவர் லாமியிடே, செராம்பிசிடே, பிரியோனிடே என்று மூன்றையும் தனித்தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார். நான் மேலே துணைக்குடும்பம் என்று சொன்னேனே, அதே மூன்று. அவர் மூன்று வீடு என்றதை நாம் ஒரே வீட்டின் மூன்று அறை என்கிறோம். வண்டின் முகமும் வாய் விரலும் அன்றைக்கு இருந்த மாதிரியேதான் இருக்கின்றன.

பாலெட் வண்டு விஷயம். உங்கள் மேலாளர் சொன்னது பெரும்பாலும் அனோப்ளோஃபோராவாக இருக்கும், அதுவும் லாமியினேதான். பளபளக்கும் கறுப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி, கொம்பில் பட்டை. சீனாவிலிருந்து சரக்குப் பலகைக்குள் புழுவாகப் போய், 1996-இல் நியூயார்க்கில் தெருவோர மரங்களில் கண்டுபிடித்தார்கள், மரம் மரமாக வெட்ட வேண்டி வந்தது. வினை அந்த ஒரு வண்டால் மட்டும் வரவில்லை, ஆனால் மரப்பலகைக்கான விதியை 2002-இல் உலக அளவில் கொண்டு வந்தபோது அதுதான் பெரிய உதாரணம். மோனோகேமஸ் இன்னொன்று, பைன் மரத்தைக் கொல்கிற நூற்புழுவைச் சுமந்து போகும்.

அனோப்ளோஃபோராவில் ஒரு அழகான பாடம் உண்டு. நியூயார்க்குக்குப் போனது கிளாப்ரிபென்னிஸ், அந்தப் பேருக்கு மழமழ இறக்கை என்று பொருள். அதன் நெருங்கிய சொந்தம் சைனென்சிஸ், எலுமிச்சை ஆரஞ்சு மரங்களைத் தின்பது. மேலிருந்து பார்த்தால் இரண்டும் கறுப்பில் வெள்ளை. இறக்கையின் தோள் பக்கம் நகத்தால் தடவினால் ஒன்று வழுக்கும், சைனென்சிஸில் பொடி மணி தட்டும். நம் தம்பி அப்ரியோனாவில் தடவிப் பார்த்த அதே இடம். ஆனால் பாருங்கள், அங்கே அந்த மணி ஒரே பேரினத்துக்குள் இரண்டு இனத்தைப் பிரிக்கிறது, இங்கே பாட்டோசெராவையும் அப்ரியோனாவையும் பிரிக்க உதவவே இல்லை. எந்தக் குறி எந்தப் படியில் வேலை செய்யும் என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும். நான் பத்து வருஷமாகத் திணறுகிற இடம் அதுதான்.

கிடங்கில் மறுபடி கறுப்பு வெள்ளை வண்டைக் கண்டால் ஒரு போத்தலில் போட்டு மூடி விவசாய இலாகா ஆட்களிடம் கொடுங்கள். தூக்கி வெளியே மட்டும் வீசாதீர்கள்.


பதில்: டுரியான் தோட்டம்

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். வெள்ளைப் பொத்தான் இருக்கிறது. நாற்பது வருஷமாக மிதித்திருக்கிறேன், ஒரு தடவைகூட பார்த்ததில்லை. டுரியான் மரத்தில் கிடைத்த மூன்றுக்கும் பொத்தான் உண்டு. பழைய பலா மரத்தில் கிடைத்த ஒன்றுக்கு இல்லை, கொம்பு பட்டை பட்டை. அப்படியானால் நான் இரண்டையும் ஒன்று என்று நினைத்து பலாவை வெட்டினால் டுரியான் தப்பிக்கும் என்று போன வருஷம் கணக்குப் போட்டது தப்பு. நல்லவேளை வெட்டவில்லை.


பதில்: ஐந்தாவது மாடி

அண்ணே, உங்களிடம்தான் கேட்க வேண்டும். இன்று காலை மாமரத்தடியில் போய்ப் பார்த்தேன். வேர்ப் பக்கம் ஈரமான மரத்தூள் குவிந்து கிடக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரி நார் நாராக. இடுப்பு உயரத்தில் இரண்டு ஓட்டை, ஒன்றில் என் சுண்டுவிரல் நுழைகிறது. ஃபிளாட் கமிட்டியில் சொன்னால் மரத்தையே வெட்டிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது, போன வருஷம்கூட நன்றாகக் காய்த்தது. என்ன செய்யலாம்?


பதில்: டுரியான் தோட்டம்

விரல் நுழைகிற வட்ட ஓட்டை வண்டு வெளியே போன வாசல், அதற்குள் கம்பி விட்டு லாபமில்லை. உங்கள் டப்பாவில் இருக்கிறதே, அது அந்த வழியாக வந்ததாகவே இருக்கலாம். தூள் எந்த ஓட்டையிலிருந்து புதிதாக, ஈரமாக வருகிறது என்று பாருங்கள், அங்கேதான் இன்னும் ஆள் இருக்கிறான். இப்போதே தூளைச் சுத்தமாகப் பெருக்கிவிட்டு நாளை காலை மறுபடி போங்கள், எங்கே புதிதாக விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே தேடுங்கள். கமிட்டியிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆயர் ஈத்தாம் பசாருக்கு வருகிறேன், கம்பியோடு அப்படியே உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். குப்பை அள்ளுகிற அம்மாவிடம் மட்டும் அந்த இடத்தைப் பெருக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தடயம் போய்விடும்.